லொத் ஆற்றங்கரையில் நடை: சேன்-சீர்-லப்போப்பி கிராமத்துப் பாதைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்மேற்கு பிரான்சில் காஓர் நகருக்குக் கிழக்கே 25-30 கி.மீ. தொலைவில், லொத் ஆற்றுக்கு மேலே ஏறத்தாழ 100 மீட்டர் உயரத்தில், சுண்ணாம்புப் பாறை விளிம்பில் இருக்கிறது இந்தச் சிற்றூர். 2012-இல் பிரெஞ்சு மக்கள் தொலைக்காட்சி வாக்கெடுப்பில் தங்களுக்குப் பிடித்த கிராமமாக இதைத் தேர்ந்தெடுத்தார்கள். அன்றிலிருந்து கோடையில் கூட்டம்தான். ஆனால் ஊர் எல்லையைத் தாண்டி அரை மணி நேரம் நடந்தால் ஆள் அரவம் குறைந்துவிடும். இங்கே பாதைகள் பெரும்பாலும் சாது. நடப்பவர்களைச் சிக்கலில் மாட்டிவிடுவது தண்ணீரும் கடை நேரமும் பேருந்து நேரமும்தான். கீழே உள்ள பதில்களில் பாதி அவற்றைப் பற்றியவை.

பெயரை எப்படிச் சொல்வது?

சேன்-சீர்-லப்போப்பி. பிரெஞ்சில் எழுதும்போது ‘சீர்’ என்பதன் கடைசியில் ஒரு ‘க்’ எழுத்து நிற்கும், அதை ஒலிப்பதில்லை. ஆற்றின் பெயரில் வரும் கடைசி ‘த்’ ஒலிக்கும்: லொத்.

மலையேறிப் பழக்கமில்லை. அறுபது வயதைத் தாண்டியவர்களும் சிறு பிள்ளைகளும் வருகிறார்கள். முடியுமா?

முடியும். ஒரு மணி நேரம் நிற்காமல் நடக்கிறவர்களுக்கு இங்கே பயப்பட ஒன்றுமில்லை. பிரான்சில் குறுநடைப் பாதைகளை நேரத்தை வைத்துப் பிரிப்பது வழக்கம்: 2 மணி நேரத்துக்குள் முடிவது மிக எளிது, 3 மணிக்குள் எளிது, 4 மணிக்குள் நடுத்தரம், அதற்கு மேல் கடினம். அந்த நேரக் கணக்கில் இளைப்பாறலும் படம் எடுப்பதும் சேராது. சமதளத்தில் மணிக்கு 4 கி.மீ., ஏற்றத்தில் மணிக்கு 300 மீட்டர் உயரம் என்று கணக்கிடுங்கள். பிள்ளைகள் உடன் வந்தால் பலகையில் உள்ள நேரத்தோடு பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஆற்றங்கரைக்கும் மேலே உள்ள மேட்டுநிலத்துக்கும் இடையே மொத்தம் சுமார் 200 மீட்டர் உயர வேறுபாடு. தூரத்தால் பெரிதாகக் களைப்பு வராது. ஊரிலிருந்து ஆற்றுக்கு இறங்கும் செங்குத்தான துண்டுகள்தான் முழங்காலைப் பதம் பார்க்கும். மூட்டு வலி உள்ளவர்கள் இரண்டு ஊன்றுகோல்கள் கொண்டுவரட்டும். குழந்தை வண்டி உதவாது. முதுகில் சுமக்கும் தொட்டில்தான் சரி.

கார் இல்லை. பாரிஸிலிருந்து எப்படி வருவது?

ஓஸ்தெர்லிட்ஸ் நிலையத்தில் துலூஸ் செல்லும் தொலைதூர ரயிலில் ஏறி காஓரில் இறங்குங்கள். ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். காஓரிலிருந்து ஃபிஜாக் செல்லும் பேருந்து ஆற்றின் வடகரையில் உள்ள தூர்-தெ-ஃபோரில் நிற்கும். அங்கிருந்து பாலத்தைக் கடந்து ஊருக்கு ஏற சுமார் 2 கி.மீ., பையோடு 35-40 நிமிடம்.

மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான்: பேருந்துகள் ஒரு நாளைக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே ஓடும். ஞாயிறும் பொது விடுமுறையும் இன்னும் மோசம். பள்ளி நாட்களில் ஓடும் சில வண்டிகள் பள்ளி விடுமுறையில் ஓடா. நேர அட்டவணையின் அடியில் அதைச் சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். ரயில் சீட்டு எடுப்பதற்கு முன் பேருந்தைப் பாருங்கள். பலரும் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, காஓரில் டாக்சிக்குப் பணம் அழுகிறார்கள்.

எந்த மாதம் நல்லது?

ஏப்ரல் கடைசி முதல் ஜூன் நடு வரை. பிறகு செப்டம்பர், அக்டோபர். மே மாதம் மேட்டுநிலப் புல்வெளிகளில் காட்டு ஆர்க்கிட் பூக்கள் இருக்கும். ஜூலை, ஆகஸ்டில் நண்பகல் வெயில் 35 பாகையைத் தாண்டும் நாட்கள் உண்டு. அப்போது காலை ஏழு மணிக்குக் கிளம்பி பதினொன்றரைக்குள் நடையை முடித்துவிட வேண்டும். ஜூனில் இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருப்பதால் மாலை நடையும் சுகம். டிசம்பரில் காலை எட்டரை மணி வாக்கில்தான் விடியும், மாலை ஐந்தேகாலுக்கு இருட்டிவிடும். உணவகங்களும் விடுதிகளும் பெரும்பாலும் அடைத்துக் கிடக்கும்.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. எந்தப் பாதை?

படகு இழுக்கும் பாதை. சந்தேகமே வேண்டாம்.

சேன்-சீர்-லப்போப்பிக்கும் பூசியேஸ் என்ற அடுத்த ஊருக்கும் நடுவே, கானில் என்ற இடத்தில், செங்குத்தான பாறை நேரே ஆற்றில் இறங்குகிறது. ஒருகாலத்தில் ஒயினும் மரமும் ஏற்றிய கபார் என்ற தட்டைப் படகுகள் லொத் ஆற்றில் ஓடின. அவற்றைக் கயிறு கட்டிக் கரையிலிருந்து இழுக்க வேண்டும். இந்த இடத்தில் காலூன்றக் கரையே இல்லை. எனவே 1840-களில் பாறையின் வயிற்றைக் குடைந்து, ஏறத்தாழ 300 மீட்டர் நீளத்துக்கு ஒரு பக்கம் திறந்த குகைபோல வழி வெட்டினார்கள். ரயில் வந்த பின் படகுத் தொழில் ஓய்ந்தது, பாதை நடப்பவர்களுக்கு மிஞ்சியது. உள்ளே சுவரில் சிற்பி தானியேல் மொன்னியே செதுக்கிய நீண்ட புடைப்புச் சிற்பம் ஒன்று இருக்கிறது: மீன்கள், சிப்பிகள், நீர்ச் சுழிகள். பழங்காலத்து வேலை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை, 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது.

போய்வர 9-10 கி.மீ., மூன்று மணி நேரம். கார் இருந்தால் பூசியேஸில் நிறுத்திவிட்டு அங்கிருந்து தொடங்குவதே நல்லது. ஊருக்கு ஏறும் ஏற்றம் காலையில் முடிந்துவிடும், திரும்பும் வழி இறக்கமும் சமதளமுமாக இருக்கும், மேலே கட்டண நிறுத்தத்தில் இடம் தேடவும் வேண்டாம். பூசியேஸ் பாலத்தருகே மறு கரைப் பாறையில், குகை வாயைச் சுவர் வைத்து அடைத்த இடைக்காலக் கோட்டை ஒன்று தெரியும். ‘ஆங்கிலேயர் கோட்டை’ என்பார்கள். இந்த வட்டாரத்தில் இப்படிப்பட்ட பாறைக் கோட்டைகளுக்கெல்லாம் அதே பெயர்தான்.

மூன்று எச்சரிக்கைகள். குகைப் பகுதியில் கூரை தாழ்ந்த இடங்கள் உண்டு, உயரமானவர்கள் தலையைக் கவனிக்கவும். ஆற்றோரம் கைப்பிடி கிடையாது, பிள்ளைகளைப் பாறைப் பக்கமாக நடத்துங்கள். வெள்ளம் வந்தாலோ பாறை உதிரும் ஆபத்து இருந்தாலோ நகராட்சி இந்தப் பாதையை மூடிவிடும். முதல் நாளே சுற்றுலா அலுவலகத்தில் கேளுங்கள். மூடியிருந்தால் வடகரைச் சாலை வழியே சுற்றிப் போகலாம் என்று நினைக்காதீர்கள். அங்கே நடைபாதை கிடையாது. பாறைக்கும் வண்டிகளுக்கும் நடுவில் ஒதுங்க இடமிராது.

மேட்டுநிலத்துக்கும் போக வேண்டுமா?

இரண்டாவது நாள் இருந்தால் கண்டிப்பாக. இந்தச் சுண்ணாம்பு மேட்டை ‘கோஸ்’ என்கிறார்கள். 1999-இல் அமைந்த கோஸ் துய் கெர்சி வட்டார இயற்கைப் பூங்காவுக்குள் இது வருகிறது. 2017 முதல் யுனெஸ்கோவின் புவிப்பூங்காவும்கூட. குட்டையான ஓக் மரங்கள், ஜூனிப்பர் புதர்கள், சாந்து பூசாத கல்வேலிகள், கண்ணைச் சுற்றிக் கறுப்பு வட்டம் போட்ட செம்மறிகள். கசேல் எனப்படும் வட்டக் கற்குடில்களையும் காணலாம். சாந்தே இல்லாமல் கல்லின்மேல் கல்லைச் சற்றே உள்வாங்கி அடுக்கிக் கூரை முடிந்திருக்கும். அதன்மேல் ஏறினால் கல் நழுவும், ஏறாதீர்கள்.

மேட்டில் ஓடை இல்லை. மழைநீர் சுண்ணாம்பு வெடிப்புகளில் இறங்கி நிலத்தடியில் ஓடிவிடும். வரைபடத்தில் நீலமாகத் தெரியும் கோடு தரையில் வெறும் கற்படுகையாக இருக்கலாம்.

ஓக் மரம் வரிசையாக நட்டு, அடியில் புல் கருகியது போல வட்டமாகத் தரை வெறிச்சோடியிருந்தால் அது உணவுப்பூஞ்சைத் தோப்பு. கறுப்பு த்ரூஃப் விளையும் இடம். சற்றுத் தெற்கே லால்பெங்கில் குளிர்காலச் செவ்வாய்க்கிழமைகளில் அதற்கென்றே சந்தை கூடும். டிசம்பர் முதல் மார்ச் வரை நாயோடு அந்தத் தோப்புப் பக்கம் ஒதுங்கினால் திருட வந்தவர் என்றுதான் நினைப்பார்கள். நாயைக் கயிற்றில் பிடித்துப் பாதையிலேயே போங்கள்.

மரத்திலும் கல்லிலும் தீட்டிய வண்ணக் கோடுகளுக்கு என்ன பொருள்?

நாடு முழுதும் ஒரே முறை. வெள்ளைக்கோட்டின் கீழ் சிவப்புக்கோடு என்றால் ஜி.ஆர். என்னும் நெடும்பாதை, சேன்-சீர்-லப்போப்பி வழியே போவது ஜி.ஆர். 36. மஞ்சளும் சிவப்பும் சேர்ந்தால் ஒரு வட்டாரத்தைச் சுற்றிவரும் பாதை. மஞ்சள் ஒற்றைக்கோடு என்றால் பி.ஆர்., அதாவது சில மணி நேரத்தில் தொடங்கிய இடத்துக்கே திரும்பும் குறும்பாதை. ஆரஞ்சு குதிரைக்காரர்களுக்கு. முக்கோணமும் அதனருகே இரண்டு வட்டங்களும் மலைச் சைக்கிளுக்கு.

கிடைக்கோடு என்றால் நேரே போ. கோடு வளைந்தாலோ அம்பு சேர்ந்தாலோ திரும்பு. பெருக்கல் குறி என்றால் இந்த வழி இல்லை.

பெருக்கல் குறியைத்தான் முதலில் மனத்தில் பதியுங்கள். பிரிவில் திரும்பும் குறியைப் பேச்சு மும்முரத்தில் தவறவிட்டவரைத் தடுக்க, தவறான கிளையில் சில அடி தூரத்தில் அதைப் போட்டிருப்பார்கள். குறி எப்போதும் கண்மட்டத்தில் இருக்காது: வேலிக் கல்லின் அடி, மின்கம்பம், பாலத்துச் சுவர், சாலையோரக் கல் எல்லாவற்றிலும் தேடுங்கள். ஊருக்குள் குறிகள் அடிக்கடி மறைந்துபோகும். வீட்டுச் சுவரில் தீட்ட உரிமையாளர் சம்மதிக்க வேண்டும் அல்லவா.

இன்னொரு குழப்பம்: காட்டில் வெட்ட வேண்டிய மரத்துக்கும் நில எல்லைக்கும் வண்ணம் பூசுவார்கள். அது பெரும்பாலும் புள்ளியாகவோ மரத்தைச் சுற்றிய பட்டையாகவோ ஒழுங்கற்றே இருக்கும். நடைப்பாதைக் குறி நேர்த்தியான சிறு செவ்வகம்.

குறி கண்ணில் படவேயில்லை. என்ன செய்வது?

பத்து நிமிடம் நடந்தும் குறி இல்லையென்றால் நில்லுங்கள். கடைசியாகப் பார்த்த குறிக்கே திரும்பிப் போய், அங்கிருந்து சுற்றிலும் பாருங்கள். எதிர்த்திசையில் வருபவர்களுக்குத் தீட்டிய குறிகளும் இருக்கும் என்பதால் அவ்வப்போது பின்னால் திரும்பிப் பார்ப்பதும் உதவும். குறுக்கே காட்டைக் கிழித்துப் போனால் கல்வேலியும் முட்புதரும்தான் மிஞ்சும். ஐநூறு மீட்டர் திரும்பி நடக்கச் சோம்பி, ஒன்றரை மணி நேரத்தைத் தொலைத்தவர்கள் நிறைய.

கைபேசி வரைபடம் போதாதா?

போதும், முன்கூட்டியே இறக்கி வைத்திருந்தால். ஆற்றுப் பள்ளத்தாக்கில் பாறைச் சுவர் அலைவரிசையை மறைத்துவிடும். அரசு நிறுவனமான ஐ.ஜி.என். வெளியிடும் 1:25,000 தாளை வாங்குவது நல்லது: 4 செ.மீ. என்றால் 1 கி.மீ.; கல்வேலி, கிணறு, தனி வீடு வரை குறித்திருக்கும். உயரக்கோடுகள் நெருங்கி நிற்கும் இடத்தைப் பார்த்தாலே ‘சுலபப் பாதை’ என்று எழுதியவர் எதை மறந்தார் என்று தெரிந்துவிடும்.

காலணி, பை?

அடியில் பல் வெட்டிய நடைக்காலணி. கணுக்காலுக்கு மேல் வர வேண்டியதில்லை. நூற்றாண்டுகளாகத் தேய்ந்த சுண்ணாம்புக் கல் மழையில் சோப்புப் போல வழுக்கும். செருப்போ வழுவழுப்பான அடியுள்ள ஓட்டக்காலணியோ ஊருக்குள்ளேயே ஆளைக் கவிழ்க்கும். பையில் மழைச்சட்டை, தொப்பி, சிறு கைவிளக்கு, கொப்புளத்துக்கு ஒட்டும் பட்டை, உண்ணி எடுக்கும் கொக்கி. நீளக் கால்சட்டை நல்லது. நிழல் வழிகளில் பாக்ஸ் செடிகளைத் தின்னும் பைராலுப் புழுக்கள் நூலில் தொங்கி முகத்தில் அப்பும். கடிக்காது, அருவருப்பு மட்டுமே.

எவ்வளவு தண்ணீர்?

அரை நாளுக்கு ஆளுக்கு ஒன்றரை லிட்டர். கோடையில் மேட்டுநிலம் என்றால் இரண்டரை. ஊற்றில் ‘ஓ நோன் பொத்தாப்ல்’ என்று எழுதியிருந்தால் குடிக்கக் கூடாது. ஒன்றுமே எழுதாத ஊற்றையும் தவிர்க்கலாம். மேலே ஆடு மேய, அந்த நீர் சுண்ணாம்பு வெடிப்பில் வடிகட்டப்படாமல் கீழே வருகிறது. ஊர்க் கல்லறைத் தோட்டங்களில் பூவுக்கு ஊற்றக் குழாய் வைத்திருப்பார்கள், நடப்பவர்கள் அதில் நிரப்பிக்கொள்வது சகஜம். நம்மவர்களுக்கு மனம் சற்றுத் தயங்கும். அங்கேயும் பலகையைப் பாருங்கள்.

சாப்பாடு? சைவம் கிடைக்குமா?

முதலில் நேரம். சிற்றூர்க் கடைகள் பகல் பன்னிரண்டரை வாக்கில் அடைத்து மூன்று மணிக்கு மேல் திறக்கும். ஞாயிறு பிற்பகலும் திங்களும் பல இடங்களில் அடைப்பு. உணவகத்தில் மதியச் சாப்பாட்டுக்கு ஒன்றரைக்குப் பிறகு போனால் அடுப்பு அணைந்திருக்கும். ஆகவே காலையிலேயே ரொட்டி, தக்காளி, பழம் வாங்கிப் பையில் போட்டுவிடுங்கள்.

இது வாத்து நாடு. சைவர்கள் கேட்டுத் தெளிய வேண்டியவை மூன்று. உருளைக்கிழங்கை வாத்துக் கொழுப்பில் வறுப்பார்கள். ‘சாலட்’ என்ற பெயரில் வருவதில் வாத்தின் இரைப்பைத் துண்டுகள் இருக்கும். சூடான ஆட்டுப்பால் சீஸ் சாலட்டிலும் லார்தோன் எனும் பன்றித் துண்டுகளைத் தூவுவார்கள். ‘சான் வியாந்த், சான் புவாசோன், சான் லார்தோன்’ (இறைச்சி, மீன், பன்றித்துண்டு வேண்டாம்) என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். ‘சைவம்’ என்று மட்டும் சொன்னால் மீன் வரலாம். ரொக்கமாதூர் என்ற 35 கிராம் வட்ட ஆட்டுப்பால் சீஸும் வால்நட் ரொட்டியும் இந்த ஊரின் அருமையான நடைச் சாப்பாடு. ஆனால் அந்த சீஸ் கன்று அல்லது குட்டியின் இரைப்பை நொதியால் உறைய வைத்ததாக இருக்கலாம். அதைப் பார்ப்பவர்கள் தவிர்க்கவும்.

பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பெல் பக்கமிருந்து வரும் குடும்பங்கள் புளிச்சோறு கட்டி வருவதுண்டு. நல்ல யோசனை. தயிர்ச்சோறு வேண்டாம், ஆகஸ்டு வெயிலில் பத்து மணிக்கே புளித்துப்போகும்.

வழியில் வேலி, கதவு, ‘தனியார்’ பலகை. போகலாமா?

ஊராட்சிக்குச் சொந்தமான கிராமப்புறப் பாதைகளில் எவரும் நடக்கலாம். குறியிட்ட பாதை தனியார் நிலத்தைக் கடந்தால் அது உரிமையாளரின் சம்மதத்தால்தான். பாதையை விட்டு இறங்கினால் அந்தச் சம்மதம் உங்களுக்கு இல்லை. ‘ப்ரொப்ரியெத்தே ப்ரிவே’ என்று தெளிவாகப் பலகை வைத்த காட்டிலோ வயலிலோ நுழைந்தால் 2023 பிப்ரவரிச் சட்டப்படி வழக்கமாக 135 யூரோ அபராதம்.

கதவு எப்படி இருந்ததோ அப்படியே விட்டுப் போங்கள்: மூடியிருந்தால் மூடுங்கள், திறந்திருந்தால் திறந்தே விடுங்கள். உள்ளே ஆடுகள் தண்ணீருக்குப் போகவே சில நேரம் திறந்து வைத்திருப்பார்கள். மின்வேலியில் காப்பிட்ட கைப்பிடியைப் பிடித்துக் கொக்கியைக் கழற்றிக் கடந்து, மறுபடி மாட்டுங்கள். காலைத் தூக்கித் தாண்ட முயலாதீர்கள். கன்றோடு நிற்கும் பசுவுக்கும் கன்றுக்கும் நடுவே புகக் கூடாது. கீழே கிடக்கும் வால்நட் யாரோ ஒருவரின் விளைச்சல்.

வேட்டைக் காலம் என்கிறார்களே, ஆபத்தா?

செப்டம்பர் நடு முதல் பிப்ரவரி கடைசி வரை பொதுவான வேட்டைப் பருவம். காட்டுப்பன்றிக்கு அதற்கு முன்பே தொடங்கலாம். கூட்டமாகப் பன்றியை விரட்டும் நாளில் சாலையோரம் ‘ஷாஸ் ஆன் கூர்’ (வேட்டை நடக்கிறது) என்ற பலகை நிற்கும். அதைக் கண்டால் வேறு பாதைக்குத் திரும்புங்கள். திரும்ப முடியாவிட்டால் ஆரஞ்சு நிற மேலாடை அணிந்து, சத்தமாகப் பேசிக்கொண்டு, பாதையை விட்டு விலகாமல் போங்கள். எதிர்ப்படும் வேட்டைக்காரரிடம் ‘போன்ஜூர்’ சொல்லி எந்தப் பக்கம் போகலாம் என்று கேட்டால் கையைக் காட்டுவார். காட்டு நிறத்தில் உடை மட்டும் வேண்டவே வேண்டாம்.

உண்ணி கடித்தால்?

வசந்தம் முதல் இலையுதிர் காலம் வரை உயரப் புல்லில் காத்திருக்கும். மாலையில் முழங்கால் மடிப்பு, தொடை இடுக்கு, அக்குள், காதின் பின்புறம், பிள்ளைகளுக்கு உச்சந்தலை எல்லாம் பாருங்கள். ஒட்டியிருந்தால் மருந்துக்கடையில் விற்கும் சிறு கொக்கியைத் தோலோடு ஒட்டி நுழைத்து, இழுக்காமல் திருகி எடுங்கள். எண்ணெய், சாராயம், தீக்குச்சி எதுவும் கூடாது. உண்ணி மிரண்டு உமிழ்நீரை உள்ளே கக்கும். எடுத்த பின் கிருமிநாசினி போட்டுத் தேதியைக் குறித்துவையுங்கள். அடுத்த ஒரு மாதத்தில் கடித்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம் விரிந்தால் அது லைம் நோயின் தொடக்கமாக இருக்கலாம். உடனே மருத்துவரிடம் போங்கள். தொடக்கத்திலேயே ஆன்டிபயாடிக் கொடுத்தால் குணமாகும்.

பெஷ் மெர்ல் குகைக்கு நடந்தே போகலாமா?

போகலாம், கப்ரெரே ஊர் வழியாக. ஒரு வழிக்கே அரை நாள் வைத்துக்கொள்ளுங்கள். 1922-இல் கண்டுபிடித்து 1926-இல் மக்களுக்குத் திறந்த குகை. அதன் சுவரில் ஆதிமனிதர் தீட்டிய புள்ளிக் குதிரை ஓவியங்கள் இருபத்தைந்தாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டவை. நகல் இல்லை, அசலையே பார்க்கிறீர்கள். அதனால் ஒரு நாளைக்கு 700 பேருக்கு மேல் விடுவதில்லை. முன்பதிவு செய்த நேரத்துக்கு அரை மணி முன்னால் சேரும்படி திட்டமிடுங்கள். பாதையில் தாமதித்ததால் சீட்டு வீணாவது வழக்கமாக நடப்பது. உள்ளே 12 பாகைக் குளிர். வியர்த்த சட்டையோடு நுழையாமல் உலர்ந்த மேலாடை ஒன்று கொண்டுபோங்கள்.

கூடாரம் அடிக்கலாமா? அடுப்பு மூட்டலாமா?

ஆற்றோர முகாம்களில் அடியுங்கள். வேறெங்கும் நில உரிமையாளர் சம்மதம் வேண்டும். காட்டிலும் காட்டிலிருந்து 200 மீட்டருக்குள்ளும் நெருப்பு மூட்டத் தடை. கோடையில் சிகரெட்டும் அதில் சேரும்.

விபத்து நேர்ந்தால்?

112. எந்தக் கைபேசியிலிருந்தும் இலவசம், உங்கள் நிறுவனத்தின் அலைவரிசை இல்லாவிட்டாலும் வேறொன்றின் வழியே இணையும். மருத்துவ உதவிக்கு நேரடியாக 15, தீயணைப்புப் படைக்கு 18. பேச முடியாதவர்கள் 114-க்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம். ஊர்ப் பெயர், பாதையின் பெயர், கைபேசி காட்டும் அட்சரேகை தீர்க்கரேகை எண்கள், இந்த வரிசையில் சொல்லுங்கள். அவர்கள் வைக்கும் வரை நீங்கள் தொடர்பைத் துண்டிக்காதீர்கள்.